நாகமலைப் பக்கம் ஓடும் கடிகாரங்கள்

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில், நாகமலைப் புதுக்கோட்டையைக் கடந்ததும் மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகம் வரும். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1978இல் காமராசரின் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனத்தை அண்டிப் பல சிறு தொழில்கள் பிழைத்துக்கொண்டிருக்கின்றன: நகலகம், டி.டி.பி. மையம், ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துப் பொறித்துத் தரும் பைண்டிங் கடை, மெஸ். அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு தொழில் என்னுடையது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். தமிழ் ஏடு என்றால் ஒற்றுப்பிழையிலிருந்து துணைநூற்பட்டியலின் அகரவரிசை வரையிலும், ஆங்கில ஏடு என்றால் பக்க எண்ணிலிருந்து அட்டவணைத் தலைப்பு வரையிலும் என் வேலை. உள்ளே சொல்லியிருக்கும் பொருளுக்கு நான் பொறுப்பில்லை. ஆனாலும் கண்ணில் பட்டதை மனம் படிக்காமல் விடுவதில்லை.

மேசைக்கு வருபவற்றில் எந்த ஒழுங்கும் கிடையாது. சிலப்பதிகாரத்தைப் பற்றிய ஏட்டை முடித்து வைத்தால், அடுத்து துத்தநாக ஆக்சைடு நுண்துகள் வந்திருக்கும். அதற்கடுத்து உசிலம்பட்டி வட்டாரத்து நாட்டார் தெய்வங்கள், கூட்டுறவு வங்கிகளின் வாராக்கடன், வயல் மண்ணில் வாழும் பாக்டீரியா, கணிதம். (கணித ஆய்வேட்டில் எனக்குப் புரிவது நன்றியுரை மட்டுமே.) வீட்டுக்கு வரும் உறவினர்கள் இந்தக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனையும் யாருக்காக என்று கேட்பார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அரசாங்கப் பணத்தில் அவரவர் இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். முன்பெல்லாம் இதற்குப் பயன்களைப் பட்டியலிட்டு வாதாடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. பல வருடம் இந்தக் கட்டுகளோடு பழகிய பிறகு, தொடர்பில்லாதவை என்று நாம் நினைக்கும் துறைகளுள் பல உண்மையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அவை காலத்தை அளக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரத்தைச் செய்துகொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஓடும் கடிகாரம் எது என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியாது.

வளாகத்திற்கு அருகில், கீழக்குயில்குடியில், சமணர் மலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து அடிவாரத்து ஐயனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் பார்த்துவிட்டுப் படியேறும் அதே மலைதான். அந்த மலைக் குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களை முன்வைத்து, உலக உயிரியல் ஆய்விதழ்கள் கவனித்த ஆராய்ச்சி ஒன்று இங்கே நடந்தது என்பது படியேறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜெர்மனியில் ஆய்வு செய்துவிட்டு 1970களின் நடுவில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த எம்.கே. சந்திரசேகரன் உயிரிகளின் உள்கடிகாரத்தை ஆராய்ந்தவர். வெளியே பொழுது சாய்ந்ததா இல்லையா என்று அறிய வழியே இல்லாத குகையின் உள்ளிருட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் வௌவால், சரியாக அந்தியில் எப்படி விழித்துப் பறக்கத் தயாராகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகிய மூவரும் எழுதி 1981இல் வெளியான கட்டுரை தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு வௌவாலைக் கூண்டில் தனியே அடைத்து, அதன் அசைவுகளைப் பதிவு செய்யும் கருவியோடு குகையின் இருளில் வைத்தார்கள். அதே குகையில் மற்ற வௌவால்கள் வழக்கம்போல அந்தியில் வெளியே போய் விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, கூண்டில் இருந்ததன் பொழுதும் அவற்றின் பொழுதோடு இசைந்தே நடந்தது. சுற்றம் இல்லாத இருளில் வைத்தபோதோ அதன் பொழுது தன்போக்கில் நகரத் தொடங்கி, உலகத்தின் இரவுபகலோடு இருந்த பிடிப்பை மெல்ல இழந்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் எழுப்பும் ஆரவாரமே, வெளிச்சத்தைக் காணாத வௌவாலுக்கு நேரம் சொல்லியிருக்கிறது. கூட்டத்தில் எப்போதும் சில வௌவால்கள் குகைவாயில் வரை பறந்து வந்து வெளிச்சம் குறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்பும். அவை கொண்டுவரும் செய்தி மற்றவற்றுக்கும் பரவிவிடுகிறது.

பின்னர் அதே ஆய்வுக் குழு மனிதர்களையும் இப்படிச் சோதித்தது. கடிகாரம், சன்னல், வானொலி, செய்தித்தாள் எதுவும் இல்லாத தனியறை ஒன்றைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அமைத்து, மனமுவந்து முன்வந்தவர்களை நாள்கணக்கில் அதில் தங்கவைத்தார்கள். விழிப்பும் உறக்கமும் இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டி நீளும் என்பது இத்தகைய ஆய்வுகள் எங்கும் காட்டியிருப்பது. உள்ளே இருப்பவர் தாம் மதிய உணவு உண்பதாக நினைக்கும் வேளையில் வெளியே நள்ளிரவாக இருக்கலாம். இரவுப்பணி செய்யும் செவிலியரையோ நூற்பாலைத் தொழிலாளியையோ பார்க்கும்போது எனக்கு இந்த அறை நினைவுக்கு வரும்.

அதே சமணர் மலைக்கு வேறொரு துறையினரும் பல தலைமுறைகளாக ஏறி வருகிறார்கள். செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவற்றை ஏறத்தாழ கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை என்கிறார்கள். கல்வெட்டாய்வாளருடைய கடிகாரம் எழுத்தின் வடிவம். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் கல்லிலேயே இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் எழுத்தின் வளைவுகளும் கோடுகளும்தான் சாட்சி. மதுரைக்கு வடக்கே மாங்குளத்தில், நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சூவெல் கண்டறிந்தார். அவை போன்றவற்றில் எழுதப்பட்டிருக்கும் மொழி தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். பிறகு ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதியை வரிசைப்படுத்தி மாங்குளத்தைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். கண்டுபிடித்ததற்கும் அது தமிழ் என்று தெளிந்ததற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருப்பதை, மூன்றாண்டுக்குள் முடிவு வேண்டும் என்று திட்ட நிதி தருகிறவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்து பொறித்த பாறைக்கே ஒரு காலம் உண்டல்லவா? அதை அளப்பவர்கள் நிலவியலாளர்கள். மதுரை என்ற பெயரைக் கேட்டதும் நமக்குக் கோயிலும் மல்லிகையும் தோன்றும். உலகத்து நிலவியலாளர்களுக்கோ பாலக்காடு–காவிரிப் பிளவு மண்டலத்திலிருந்து அச்சன்கோவில் வரை விரியும் பழம்பாறைப் பகுதி தோன்றும். அவர்களுடைய கட்டுரைகளில் அதன் பெயர் ‘மதுரை பிளாக்’. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து வந்து நம் கல்குவாரிகளில் துண்டு உடைத்து எடுத்துப் போகிறார்கள். சர்க்கான் என்னும் மணிக்குள் சிக்கிய யுரேனியம் ஈயமாகச் சிதையும் வேகத்தைக் கொண்டு வயதைக் கணிக்கிறார்கள். யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். இந்தப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி ஒன்றிணைந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் 900 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்தவை என்பது அவர்கள் சொல்வது. அதே பாறையில் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் உளியால் தம் பெயரைப் பொறித்தார், இப்போது வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது. மூன்று துறைகளின் ஆய்வேடுகளும் நூலகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும். ஒன்றின் துணைநூற்பட்டியலில் மற்றொன்றைக் கண்டதாக எனக்கு நினைவில்லை, எல்லாத் துணைநூற்பட்டியல்களையும் வரிவரியாகப் படிப்பது என் தொழிலாக இருந்தும்.

துறைகள் ஒன்றையொன்று தேடிப்போன இடம் என்று இந்த வட்டாரத்தில் கீழடியைச் சொல்லலாம். வைகைக் கரையில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள், மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. குழியில் கிடைத்த கரித்துண்டுகள் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஆய்வகத்துக்குப் போயின. எலும்புகள் புனே டெக்கான் கல்லூரிக்குப் போய்த் திமில் காளை, எருமை, ஆடு, மான் என்று பெயர் பெற்றன. பானையோடுகளை வேலூர் வி.ஐ.டி.யில் பகுத்தாய்ந்தார்கள். பக்கத்துக் கொந்தகையின் தாழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபியலாளர்களிடம் வந்தன. இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் மீட்டுருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியாயின. ஆதன், குவிரன் என்று ஓட்டில் கீறியிருப்பதைப் படித்தவர்கள் தமிழ் பிராமி எழுத்தறிந்தவர்கள். இவர்களில் எவரும், என்றோ ஒருநாள் கீழடிக்குத் தேவைப்படும் என்று எண்ணித் தம் துறையைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். மாட்டெலும்பை மானெலும்பிலிருந்து பிரித்தறியும் படிப்பை, பயனற்றது என்று சொல்லி முப்பது ஆண்டுக்கு முன்பே யாரேனும் மூடியிருந்தால், அந்த எலும்புகள் வெறும் எலும்புகளாகவே இருந்திருக்கும்.

கீழடியின் கரித்துண்டு ஒன்று, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது, கி.மு. 580 என்ற காலத்தைக் காட்டியதாக 2019இல் வெளியான அறிக்கை சொல்கிறது. அந்த எண் சுவரொட்டி வரை போய்விட்டது. ஆனால் கரிமக் கடிகாரம் நாம் நினைப்பதுபோல நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. காற்றுமண்டலத்தில், மெல்லச் சிதைந்து வயதைக் காட்டும் கரிமம் 14 என்னும் கதிரியக்கக் கரிமத்தின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையிலான பொருள்கள் எல்லாம் ஆய்வகத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். ஆய்வாளர்கள் அந்தக் காலப்பகுதியைச் சமதளம் என்பார்கள். கி.மு. 580 அந்தச் சமதளத்தின் நடுவில் விழுகிறது. கீழடி பழமையானதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒற்றை எண்ணை விட, பல மாதிரிகளும் அவை கிடைத்த மண்ணடுக்கும் சேர்ந்து சொல்வதே வலுவான சாட்சி என்றுதான் கொள்ள வேண்டும். கரியின் வயதை எழுத்துள்ள ஓட்டுக்கு உரியதாக்குவதும் அந்த அடுக்குதான். ஆகவே இயற்பியல், மண்ணியல், எழுத்தியல் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்தவர்களே இதைப் பற்றி வாதிட வேண்டும். நடப்பதோ வேறு. தொலைக்காட்சி விவாதங்களில் அரசியல் பேச்சாளர்கள் கி.மு.க்களை ஏலம் விடுகிறார்கள்.

இந்தக் கரிமம் 14 எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு மிகப் பெரிய வியப்பு காத்திருந்தது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றில் மோதும்போது சிதறும் நியூட்ரான்கள், நைட்ரஜன் அணுவைத் தாக்கிக் கரிமம் 14ஆக மாற்றுகின்றன. அதை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. மரம் வெட்டப்பட்டு அடுப்பில் கரியான பிறகு, 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. அதே மோதலில் பிறக்கும் இன்னொரு துகள் மியூவான். அதனைப் பதிவு செய்யும் கருவி மதுரையிலேயே இருக்கிறது! தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில், ஏறத்தாழ 50,000 டன் காந்த இரும்போடு அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்தின் முன்மாதிரியாக, 85 டன் எடையில் சிறிய கருவி ஒன்றை இயற்பியலாளர்கள் மதுரையில் நிறுவினார்கள். இது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததன்று. பெரிய திட்டம் எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் நின்றுபோனது. அதைப் பற்றிய என் கருத்து இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். சிறிய கருவி மட்டும் அண்டக்கதிர் மியூவான்களின் தடத்தைப் பதிவு செய்திருக்கிறது.

மியூவானும் ஒரு கடிகாரம்தான். அதன் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டருக்கு மேல் போக முடியாது. பிறப்பதோ தரைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே அது நம்மை வந்து சேரவே கூடாது. ஆனாலும் தோராயமாக நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வந்து விழுகிறது. ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் பாயும் பொருளுக்குக் காலம் மெதுவாக நகரும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதே இதற்குக் காரணம். கீழடிக் கரியில் ஓடும் கடிகாரமும் மதுரையின் இரும்புக் கருவியில் பதியும் கடிகாரமும் ஒரே வகை வான்மோதலில் சாவி கொடுக்கப்பட்டவை. இதை ஒரு தொல்லியல் மாணவரிடமும் ஓர் இயற்பியல் மாணவரிடமும் தனித்தனியே சொல்லியிருக்கிறேன். இருவரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

மரபணுவிலும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. நோயெதிர்ப்பியல் பேராசிரியர் பிச்சப்பனும் அவருடைய குழுவினரும், ஒய் குரோமோசோமில் காணப்படும் எம்130 என்னும் மிகப் பழைய அடையாளத்தை மதுரைக்கு மேற்கே உள்ள மக்களிடம் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்துபோன மனிதக் கூட்டத்தின் சுவடாக அதைப் பார்க்கிறார்கள். பிறகு ஊரில் சிலர் அதைச் சாதிப் பெருமையாக மாற்றிக்கொண்டார்கள். அந்தத் திரிபுக்கு ஆய்வு பொறுப்பாகாது.

எல்லாவற்றையும் காலத்துக்குள் அடைத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன், சூடேற்றிய ஜல்லியின் மேல் நெகிழிக் குப்பையைத் தூவி உருக்கிப் படியவைத்து, பிறகு தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். என் கடிகாரக் கணக்கில் அவருக்கு இடமில்லை. அறுவடையின்போது நெல்தாளோ தூசியோ கீறிக் கண்ணில் பூஞ்சைப் புண் வந்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களைக் கொண்டு நடந்த ஆய்வும் அப்படித்தான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தோடு சேர்ந்து 323 நோயாளிகளிடம் நடத்திய அந்த ஒப்பீட்டின் முடிவு 2013இல் வெளிவந்தது. புதிய மருந்தான வோரிகோனசோலை விடப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தே நல்ல பலன் தந்திருந்தது. புதியதே சிறந்தது என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு, நம் வயல்காட்டுக் கண்களுக்கு நேரடியாக உதவியது. பயன் கேட்கும் உறவினர்களுக்கு இந்த இரண்டைச் சொன்னால் உடனே திருப்தியாகிவிடுகிறார்கள். வௌவாலைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

எல்லா ஆய்வேடுகளும் மதிக்கத்தக்கவை என்று சொல்லவில்லை. ஒரே வினாநிரலை வைத்துக்கொண்டு ஊர்ப்பெயரை மட்டும் மாற்றும் மகளிர் சுயஉதவிக்குழு ஏடுகளையும், ஒரு காப்பியத்தில் வரும் பூக்களை எண்ணிவிட்டு அடுத்த காப்பியத்தில் மரங்களை எண்ணும் ஏடுகளையும் நிறையப் பார்த்துவிட்டேன். 2018இன் பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி பத்து விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கக் கூடாது. மென்பொருள் அதைப் பிடித்துவிடும். பிறர் எண்ணத்தோடு நூறு விழுக்காடு ஒத்திருப்பதைப் பிடிக்க மென்பொருள் இல்லை. பன்முகம் என்ற பெயரில் இவற்றையும் சேர்த்துப் பாராட்ட எனக்கு மனம் வராது. ஆனால் இவற்றைக் காரணம் காட்டித் துறைகளையே குறைக்க வேண்டும் என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. எந்த ஏடு எந்தக் குழிக்குத் தேவைப்படும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீழடிக்கு யார் யார் தேவைப்பட்டார்கள் என்ற வரிசையே அதற்குச் சான்று.

தொழில் சார்ந்த ஒரு சின்னச் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போது, ஆங்கிலக் கட்டுரையிலிருந்து எடுத்தொட்டிய, ஓர் அளவு முன்பின் எவ்வளவு மாறலாம் என்று காட்டும் ± குறி பல சமயம் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாக உருமாறிவிடும். ஆகவே எந்தத் துறை ஏடாக இருந்தாலும் அட்டவணைகளில் அந்தக் குறியை முதலில் தேடுவேன். அண்மையில் கல்வெட்டு பற்றிய ஏடு கொண்டுவந்த மாணவர், “அண்ணே, எங்க பாடத்துல இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் வராது, அதைப் போய் ஏன் தேடுறீங்க?” என்றார். கீழடிக் கால அளவுகளை அவர் எடுத்தாண்டிருந்த அட்டவணையில் ஆண்டுகளுக்கு நடுவே நின்ற அர்த்தமில்லாத எழுத்தைக் காட்டினேன். அது என்ன குறி, எதற்காக இடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, தம் கல்வெட்டுகளுக்குத் தாம் கொடுத்திருக்கும் நூற்றாண்டுகளுக்கும் அப்படி ஏதாவது இட வேண்டாமா என்று அவரே யோசிக்கத் தொடங்கினார். எண்ணால் இட முடியாதென்றாலும், ஒவ்வொரு காலக் கணிப்பும் எதை வைத்து வந்தது என்று, அதாவது ஆட்சியாண்டா, எழுத்தமைதியா, மண்ணடுக்கா என்று, தனியே ஒரு பத்தி சேர்க்கலாம் என்று பேசி முடித்தோம். நெறியாளரும் ஒப்புக்கொண்டார். அட்டவணை அகலமாகிவிட்டதால் அந்தப் பக்கங்களைக் கிடைவாட்டில் திருப்ப வேண்டியதாயிற்று. அதற்குப் பிந்தைய பக்க எண்களையெல்லாம் உள்ளடக்கத்தோடு மறுபடியும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.